இலை வருது, பூ வரலை: இலையுதிர்காலக் குரோக்கஸ் வளர்க்கிறவங்க கொஞ்சம் வாங்க

தூறல் (லூட்டன், இங்கிலாந்து) – செப்டம்பர் 7, காலை 9:40

எல்லாருக்கும் வணக்கம். குங்குமப்பூ தர்ற குரோக்கஸ் சட்டைவஸ் கிழங்கு வாங்கி நட்டிருக்கேன். நட்ட முதல் வருஷம் அக்டோபர் கடைசியில பூ அள்ளிக் கொட்டுச்சு. போன வருஷம் புல்லு மாதிரி இலை மட்டும்தான். ஒரு பூ கூட இல்லை. கிழங்கு அழுகலை, தோண்டிப் பார்த்துட்டேன். ஒண்ணு நாலா பெருகியிருக்கு, ஆனா எல்லாமே பொடிசு.

இடம் தெற்குப் பார்த்த வேலியோரம், டேலியா பாத்திக்கு முன்வரிசை. மண்ணு களிமண். நட்ட ஆழம் ஒரு 6, 7 செ.மீ. இருக்கும், பாக்கெட்டில் போட்டிருந்தபடி. இந்த வருஷம் புதுசா வாங்கி நடவா, இல்லை இருக்கிறதையே தேத்த முடியுமா?

இன்னொண்ணு. பின்னாடி ஆப்பிள் மரத்தடியில புல்தரை சும்மா கிடக்கு. அங்கே அக்டோபரில் பூக்கிற மாதிரி ஏதாவது குரோக்கஸ் வைக்கலாமா?

கோடைமழை (ஹாலிஃபேக்ஸ், யார்க்ஷயர்) – செப்டம்பர் 7, காலை 11:15

தூறல், சட்டைவஸை விட்டுடுங்க. இந்த ஊர் மழைக்கு அது ஆகாது. ஸ்பீசியோசஸ்னு இன்னொரு குரோக்கஸ் இருக்கு, அதை வாங்கி ஆப்பிள் மரத்தடியில் போடுங்க, காலத்துக்கும் பூக்கும். விவரமா ராத்திரி எழுதறேன்.

வேலியோரம் (என்ஃபீல்ட், லண்டன்) – செப்டம்பர் 7, பிற்பகல் 2:05

பிள்ளை, கிழங்கை எறிஞ்சு போடாதேங்கோ. உங்கட கிழங்கில ஒரு வருத்தமும் இல்லை.

முதல் வருசம் பூத்த பூ உங்கட தோட்டத்துப் பூ இல்லை. அந்தப் பூ மொட்டு, கிழங்கு வித்தவையின்ர வயலிலயும் களஞ்சியத்திலயும் உருவானது. நீங்கள் நடேக்கையே அது உள்ளுக்க இருந்தது. தண்ணியும் குளிரும் காட்டினவுடனே வெளியில வந்தது. ரெண்டாம் வருசப் பூவைத்தான் உங்கட மண் உண்டாக்க வேணும். கன பேர் இந்த இடத்திலதான் மனம் விட்டுப் போகினம்.

குரோக்கஸ் கிழங்கு ஒவ்வொரு வருசமும் செத்துப் புதுசாப் பிறக்கிற சாமான். பழைய கிழங்கு பூவுக்கும் இலைக்கும் தன்னைக் குடுத்துச் சுருங்கிப் போகும். அதுக்கு மேல சின்னக் கிழங்குகள் உருவாகும். அந்தச் சின்னனுகள் எவ்வளவு பருக்குது எண்டது நவம்பரில இருந்து மே வரைக்கும் இலை எவ்வளவு வெயில் குடிக்குது எண்டதில இருக்கு. கிழங்கு கிட்டத்தட்ட 8 கிராமாவது வந்தால்தான் பூ. அதுக்குக் கீழ எண்டால் இலை மட்டும்தான். உங்கட கிழங்கு பொடிசு எண்டு நீங்களே சொல்லியிட்டியள்.

அடுத்தது கோடை. இலை காய்ஞ்சு கிழங்கு உறங்குதெண்டு நாங்கள் நினைக்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்டிலதான் உள்ளுக்க பூ மொட்டு கட்டுது. அதுக்கு 23 பாகையில (டிகிரி செல்சியஸ்) இருந்து 27 பாகை சூடு வேணும். பிறகு 17 பாகை அளவுக்குக் குளிர்ந்தால்தான் மொட்டு மேல எழும்பும். காஷ்மீரில பாம்போர்ப் பக்கம், ஸ்பெயினில லா மாஞ்சா, ஈரானில கொராசான், எல்லா இடமும் இந்தக் கணக்குத்தான்: கோடை காய வேணும், இலையுதிர்காலம் சட்டெண்டு குளிர வேணும்.

இப்ப உங்கட டேலியாவைப் பாருங்கோ. அதுக்கு ஜூலையில நாள் தவறாமல் தண்ணி விடுவியள். அதின்ர இலை ஓங்கி வளர்ந்து முன்வரிசை மண்ணை மூடிப் போடும். கிழங்குக்கு வேண்டிய சூடும் காய்ச்சலும் அங்க கிடைக்க வழியில்லை.

ஆழமும் காணாது. 15 செ.மீ. வைக்க வேணும். மேலோட்டமா வைச்சால் கன குட்டி போடும், எல்லாம் சின்னனா இருக்கும். ஆழத்தில குட்டி குறைவு, ஆனால் பருமன்.

தூறல் – செப்டம்பர் 7, மாலை 6:30

ஐயா, டேலியாவுக்குத் தண்ணி விடறது எனக்குத் தோணவே இல்லை. அப்போ இப்பவே எடுத்து மாத்தலாமா? இந்த மாசம் கடைசியில முளை விட ஆரம்பிச்சுடுமே.

வேலியோரம் – செப்டம்பர் 7, மாலை 7:10

இண்டைக்கோ நாளைக்கோ எடுங்கோ. வேர் விடமுதல் எண்டால் ஒண்டும் ஆகாது. பெரிசு, சின்னன் எண்டு தெரிஞ்சு பிரியுங்கோ. பெரிசை வெயில் விழுற இடத்தில 15 செ.மீ. ஆழத்தில, 8, 10 செ.மீ. இடைவெளி விட்டு வையுங்கோ. களிமண் எண்டபடியால் குழிக்கு அடியில குறுங்கல்லும் பருமணலும் கலந்து போடுங்கோ. தண்ணி தேங்கினால் புசாரியம் பூஞ்சணம் வந்து கிழங்கை அழுக்கிப் போடும். சின்னனுகளை வேற மூலையில வைச்சு வளத்தெடுங்கோ, இந்த வருசம் பூ கேக்காதேங்கோ. பெப்ரவரி, மார்ச்சில தக்காளிக்கு விடுற பொட்டாஷ் உரத்தைத் தண்ணியில கரைச்சு ரெண்டு தரம் விடலாம். இலையை மட்டும் மஞ்சளாகிச் சாயுமட்டும் வெட்டாதேங்கோ.

கோடைமழை – செப்டம்பர் 7, இரவு 10:20

வேலியோரம் ஐயா சொன்ன விஞ்ஞானம் எல்லாம் சரி. அதை நான் மறுக்கலை. ஆனா அவர் இருக்கிறது லண்டன், நான் இருக்கிறது பென்னைன் மலைச்சரிவு. இங்கே ஜூலையிலேயும் மண்ணைத் தொட்டா ஈரம். சட்டைவஸுக்கு வேண்டிய கோடையை நான் எங்கேயிருந்து கொண்டுவர்றது?

இங்கிலாந்தில் குங்குமப்பூ விளைஞ்ச ஊரைப் பாருங்க. எஸ்ஸெக்ஸில் சாஃப்ரன் வால்டன். முன்னாடி சிப்பிங் வால்டன்னு இருந்த ஊர், 16, 17-ஆம் நூற்றாண்டுல இந்தப் பயிராலேயே பேர் மாறிப்போச்சு. அந்தப் பக்கம் சுண்ணாம்பு மண்ணு, நாட்டிலேயே மழை குறைவான பகுதி. ஹாலிஃபேக்ஸில் யாரும் அப்படி ஒரு ஊர் கட்டலை.

ஆனா எங்க ஊருக்குன்னு ஒரு குரோக்கஸ் இருக்கு. நூடிஃபுளோரஸ். சொந்த ஊர் பிரான்ஸின் தென்மேற்கும் ஸ்பெயினின் வடக்கும், பிரனீஸ் மலைப்பக்கம். ஹாலிஃபேக்ஸைச் சுத்தியும் லங்காஷயரிலேயும் நாட்டிங்ஹாம் பக்கமும் மேய்ச்சல் புல்லுக்குள்ளே தானா நின்னு பூக்குது. சிலுவைப்போர் காலத்துல உருவான புனித யோவான் வீரத்துறவிகள் சபை தங்கள் நிலங்களில் குங்குமப்பூவுக்குப் பதிலா கொண்டுவந்து நட்டாங்கன்னு ஒரு வழக்கு உண்டு. செப்டம்பர், அக்டோபரில் இலையே இல்லாம புல்லுக்குள்ளேயிருந்து ஊதாப் பூ நேரா எழும்பும். இலை அப்புறம் வசந்தத்தில்தான். மண்ணுக்கடியில் ஓடுதண்டு விட்டுப் பரவும். கோடையில் காஞ்சாத்தான் பூப்பேன்னு அடம்பிடிக்காது. ஈரத்தைத் தாங்குற குரோக்கஸ் சிலதில் இது ஒண்ணு.

உங்க ஆப்பிள் மரத்தடிக்கு என்னோட முதல் யோசனை ஸ்பீசியோசஸ். துருக்கி, காகசஸ், ஈரான் வடக்குப் பக்கத்துப் பூ. நீலம் கலந்த ஊதா, இதழில் கரு நரம்பு ஓடும், நடுவில் ஆரஞ்சு நிறச் சூலகமுடி சின்னச் சின்னதா கிளை பிரிஞ்சு நிக்கும். கடையில் கிடைக்கும், விலையும் கம்மி. இப்ப வாங்கி நட்டாலே இதே அக்டோபரில் பூக்கும். விதையாலேயும் பரவும், குட்டிக் கிழங்காலேயும் பரவும். ஒரே குறை, பூவோட குழல் நீளம், மெலிசு. வெறும் மண்ணில் நட்டா ஒரு மழைக்கே படுத்துடும். புல்லுக்குள்ளே நட்டா புல்லு தாங்கிப் பிடிச்சுக்கும். அதனாலதான் உங்க புல்தரைக்கு இதைச் சொல்றேன்.

புல் வெட்டுற கணக்கு மட்டும் மாறணும். ஆகஸ்ட் கடைசியில் ஒட்ட வெட்டிடுங்க. அப்புறம் பூ முடியிற வரைக்கும் மெஷினைத் தொடக்கூடாது. வசந்தத்தில் இலை வந்ததும் மறுபடி மே கடைசி வரை அந்த இடத்தை விட்டுவைக்கணும். பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்கன்னு கவலைப்படுறவங்களுக்கு இது சரிப்படாது.

செங்கமுகு (ஸ்காபரோ, ரொறன்ரோ) – செப்டம்பர் 8, அதிகாலை 3:50

இங்க குளிர் பிரச்சினை இல்லை. பனி மூடினால் சட்டைவஸ் இலை பச்சையாவே கிடந்து தப்புது, கோடையும் வடிவா காயுது. பிரச்சினை அணில். சிப்மங்க் எண்ட கோடு போட்ட சின்ன அணில் வேற. நட்ட அண்டைக்கே தோண்டி எடுத்துத் திண்டு போடுது. எலும்புத் தூள் போட்டால் அந்த மணத்துக்கே வந்து கிண்டுது. என்ன செய்யிறியள் எல்லாரும்?

வேலியோரம் – செப்டம்பர் 8, காலை 8:15

கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பிவலையை நட்ட இடத்துக்கு மேல விரிச்சு, நாலு பக்கமும் மண்ணுக்குள்ள மடிச்சு, மேல ரெண்டு விரல் மண் போடுங்கோ. முளை அந்த ஓட்டைக்குள்ளால வரும். கிழங்கின்ர பழந்தோலை நட்ட இடத்தில கொட்டாதேங்கோ. அதின்ர மணம் பிடிச்சுத்தான் அணில் வாறது. எலும்புத் தூளை விட்டிட்டுப் பொட்டாஷோட நில்லுங்கோ.

கோடைமழை தம்பிக்கு: நீர் சொல்லுறது உம்மட ஊருக்குச் சரி. லூட்டனுக்கு அப்பிடி இல்லை. அது சாஃப்ரன் வால்டனில இருந்து தூரமில்லாத இடம்.

கல்வயல் (பிரிஸ்டல்) – செப்டம்பர் 8, பகல் 12:40

ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழி இருக்கு, தொட்டி. 30 செ.மீ. ஆழமுள்ள மண்தொட்டியில் பாதிக்குப் பாதி பருமணல் கலந்து 12, 15 கிழங்கு வைக்கலாம். மே கடைசியில் இலை காஞ்சதும் தொட்டியைத் தூக்கி, மழை படாத, தெற்கு வெயில் விழுற சுவரோரம் வெச்சுடணும். ஆகஸ்ட் கடைசி வரை சொட்டுத் தண்ணி கிடையாது. எங்க ஊர் மழை ஊர்தான், ஆனா தொட்டிக்குள்ளே நாம கோடையை உண்டாக்க முடியும்.

பல பேர் ஜூனில் கிழங்கை எடுத்து லாஃப்டில் போட்டு வைக்கிறாங்க. அதுவும் நல்ல வழிதான், ஆனா கூரைக்கு அடியில் வெயில் காலத்தில் 30 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. அந்தச் சூட்டில் மொட்டு குறையும். வீட்டுக்குள்ளே காத்தோட்டமான அலமாரி மேல் தட்டு போதும்.

வேலியோரம் – செப்டம்பர் 8, பிற்பகல் 1:30

தொட்டி நல்ல யோசனை. ஆனால் தொட்டிக்குள்ள கிழங்கு ரெண்டு வருசத்தில நெருக்குப்படும். கட்டாயம் கொட்டிப் பிரிச்சு வைக்க வேணும். நிலத்தில எண்டால் மூண்டு, நாலு வருசம் விடலாம். ஸ்பெயினிலயும் அப்பிடித்தான் செய்யினம். காஷ்மீரில பத்து வருசத்துக்கு மேலயும் எடுக்காமல் விடுகினம், விளைச்சல் குறையிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

மாடித்தோட்டம் (கோயம்புத்தூர்) – செப்டம்பர் 9, காலை 7:00

எல்லாரும் வெளிநாட்டில் இருந்து பேசறீங்க. எங்க ஊர் மாடியில் வருமா? ஏசி ரூமில் தட்டு அடுக்கி குங்குமப்பூ வளர்த்து லட்சம் லட்சமா சம்பாதிக்கலாம்னு தினமும் விளம்பரம் வருது. கிழங்கும் அவங்களே விக்கிறாங்க.

வேலியோரம் – செப்டம்பர் 9, காலை 9:25

தம்பி, மேல எழுதினதைத் திருப்பி ஒருக்கா பாருங்கோ. மொட்டோட வாற கிழங்கை 17 பாகை அறையில வைச்சால் மண்ணில்லாமலே பூக்கும், அது உண்மை. காஷ்மீரிலயும் அறைக்குள்ள தட்டில பூக்க வைக்கினம். ஆனால் பூப் பறிச்ச கையோட அந்தக் கிழங்கைக் குளிர் நிலத்தில கொண்டுபோய் நட்டு, ஏழு மாசம் இலை விட வைச்சு, அடுத்த வருசத்துக் கிழங்கை உருவாக்கிக் கொள்ளுகினம். உங்கட ஊரில அந்த ஏழு மாசக் குளிருக்கு எங்க போறது? மாடியில வைச்சால் இலை சீக்கிரமே வாடும், கிழங்கு சூம்பும், அடுத்த வருசம் அவையிட்டையே திரும்பவும் கிழங்கு வாங்க வேணும். ஒரு கிராம் காய்ஞ்ச குங்குமப்பூவுக்குக் கிட்டத்தட்ட 150 பூ வேணும். கிழங்கு விலையையும் கரண்ட் காசையும் அதோட வைச்சுக் கணக்குப் பாத்திட்டுக் காசைக் குடுங்கோ.

கல்வயல் – செப்டம்பர் 9, காலை 10:50

மாடித்தோட்டம், பூ ஆசைக்குன்னா ரெயின் லில்லி வைங்க. ஐப்பசி மழை விழுந்த ரெண்டு மூணு நாளில் தொட்டி நிறைய எழும்பும். குரோக்கஸ் சாயலே இருக்கும், கோவை வெயிலுக்கும் அசராது.

புதுவீடு (ரெடிங், இங்கிலாந்து) – செப்டம்பர் 21, மாலை 5:15

இந்த இழையை முழுக்கப் படிச்சேன், ரொம்ப உபயோகமா இருந்தது. போன மாசம் சூப்பர்மார்க்கெட்டில் 'இலையுதிர்காலக் குரோக்கஸ்'னு லேபிள் ஒட்டி ஒரு கிழங்கு வாங்கினோம். பெரிய வெங்காயம் அளவு. நடவே இல்லை, சமையலறை ஜன்னலில் வெச்சிருந்தோம், அப்படியே இளஞ்சிவப்புப் பூவா பூத்துடுச்சு. நடுவில் மஞ்சள் மஞ்சளா நார் இருக்கு. மாமியார் ஊரிலிருந்து வந்திருக்காங்க. நாத்தனாருக்கு ஆறாம் மாசம், கடைக் குங்குமப்பூவில் கலப்படம், நம்ம வீட்டுப் பூவைக் காய வெச்சுப் பாலில் போட்டுக் கொடுக்கலாம்னு சொல்றாங்க. எப்படிக் காய வைக்கணும்?

வேலியோரம் – செப்டம்பர் 21, மாலை 5:22

பிள்ளை, காய வைக்காதேங்கோ, ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. அது குரோக்கஸ் இல்லை. கொல்சிக்கம். நஞ்சு.

பூவுக்குள்ள மகரந்தக் கால் எத்தினை எண்டு எண்ணுங்கோ. மூண்டு எண்டால் குரோக்கஸ். ஆறு எண்டால் கொல்சிக்கம்.

புதுவீடு – செப்டம்பர் 21, மாலை 5:31

ஆறு இருக்கு. யாரும் எதுவும் சாப்பிடலை. பூவை எடுத்துத் தனியா வெச்சுட்டேன்.

காந்தள்காடு (மூலனூர்) – செப்டம்பர் 21, இரவு 8:45

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படிக்கிறேனுங்க, இது வரைக்கும் எழுதலை. இப்ப எழுதியே ஆகணும். எங்க பக்கம் கண்வலிக்கிழங்கு பயிர் பண்றோம்ங்க, செங்காந்தள்னு சொல்றதும் இதைத்தான், நம்ம மாநிலப் பூ. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் கல்லு நட்டுக் கம்பி கட்டிக் கொடி ஏத்தி வளர்த்து, விதையை மருந்துக் கம்பெனிக்கு விக்கிறோம். எதுக்குன்னா அதில் இருக்கிற கொல்சிசின். கவுட் வாத நோய்க்கு மருந்து. இந்தக் கொல்சிக்கமும் நம்ம செங்காந்தளும் ஒரே குடும்பமுங்க. அதே கொல்சிசின்தான் அதிலேயும், கிழங்கு, விதை, இலை, பூ எல்லாத்திலேயும்.

எங்க ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூட கண்வலிக்கிழங்கைத் தொட்டா கை கழுவணும்னு தெரியும். அந்தப் பயம் இந்தப் பூவுக்கும் வேணுமுங்க. சாப்பிட்ட உடனே ஒண்ணும் தெரியாது. சில மணி நேரம் கழிச்சுத்தான் தொண்டை எரிச்சல், வாந்தி, வயித்துப்போக்குன்னு ஆரம்பிக்கும். ரெண்டு மூணு நாளில் உள்ளுறுப்பு ஒவ்வொண்ணா கெடும். யாராவது தெரியாம சாப்பிட்டுட்டா வாந்தி வர்ற வரைக்கும் காத்திருக்கக்கூடாதுங்க, அந்தப் பூவையோ கிழங்கையோ கையில் எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். மாமியார் அம்மாகிட்ட கண்வலிக்கிழங்கோட சொந்தம்னு சொல்லிப் பாருங்க, அவங்களே தூக்கிப் போட்டுடுவாங்க.

கோடைமழை – செப்டம்பர் 21, இரவு 9:30

காந்தள்காடு அண்ணன் எழுதினது எல்லாரும் படிக்க வேண்டியது. இந்த ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கொல்சிக்கம் இலை வசந்தத்தில் தனியா, அகலமா வரும், பூ இருக்காது. காட்டுப் பூண்டு பறிக்கப் போறவங்க அந்த இலைன்னு நினைச்சு இதைப் பறிச்சுச் சமைச்சுச் செத்திருக்காங்க, ஐரோப்பாவில் பல இடத்தில். நாய் வளர்க்கிறவங்களும் கவனிக்கணும்.

கண்ணால பார்த்தே பிரிக்கலாம். கொல்சிக்கம் கிழங்கு பெரிசு, சட்டைவஸ் கிழங்கு சின்ன வெங்காயம் அளவுதான். குரோக்கஸ் இலை ஒல்லி, நடுவில் வெள்ளைக் கோடு ஓடும். கொல்சிக்கம் இலையில் அந்தக் கோடு கிடையாது. ரெண்டுக்கும் ஒரே பேரை ஒட்டி, எச்சரிக்கையைப் பொடி எழுத்தில் போட்டு விக்கிறது எனக்குக் கோபம் வர்ற விஷயம்.

குரோக்கஸ்லேயே கூட ஸ்பீசியோசஸ், நூடிஃபுளோரஸ் எல்லாம் சமையலுக்கு இல்லை, கண்ணுக்கு மட்டும்தான். சமையலறைக்குப் போறது சட்டைவஸ் ஒண்ணுதான், அதுவும் நீங்களே பேர் பார்த்து வாங்கி நட்டதா இருந்தா.

புதுவீடு – செப்டம்பர் 22, காலை 8:10

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடறேன். மாமியார் 'கண்வலிக்கிழங்கா!'ன்னு கேட்டதோட சரி, அப்புறம் ஜன்னல் பக்கமே போகலை. கிழங்கைக் கையுறை போட்டு எடுத்துக் கட்டிக் குப்பையில் போட்டாச்சு.

தூறல் – அக்டோபர் 29, காலை 10:05

பெரிய கிழங்கா பிரிச்சு ஆழமா நட்டதில் கொஞ்சம் பூ வந்திருக்கு ஐயா! நிறைய இல்லை, ஆனா போன வருஷம் பூஜ்யம். எப்போ பறிக்கணும்? நேத்து ராத்திரி மழையில் ஒண்ணு நனைஞ்சு போச்சு. மத்த குரோக்கஸ் சாயங்காலம் மூடிக்குமே, இது ஏன் திறந்தே கிடக்கு?

வேலியோரம் – அக்டோபர் 29, காலை 11:20

சட்டைவஸ் அப்பிடித்தான் பிள்ளை, ஒருக்கா விரிஞ்சால் இரவிலயும் மூடாது. ஆனபடியால் விரிஞ்ச அண்டைக்கே, விடியப்புறம் பனி உலர்ந்தவுடனே பறிக்க வேணும். மூண்டு சிவப்பு இழையையும் நகத்தால கிள்ளி எடுங்கோ. மஞ்சள் மகரந்தக் கால் வேண்டாம், அதில மணமும் இல்லை ருசியும் இல்லை. ஒரு கடதாசியில பரப்பி வெதுவெதுப்பான இடத்தில வைச்சு, தொட்டால் நொறுங்கிற பதத்தில காற்றுப் புகாத சின்னப் போத்தலில அடையுங்கோ. காய்ஞ்ச உடனே மணம் குறைவா இருக்கும், ஒரு மாசம் மூடி வைச்சால்தான் எழும்பும். உங்களிட்ட இருக்கிற பூவுக்கு ஒரு சட்டிப் பாயசத்துக்குக் காணும்.

விதைக்குக் காத்திருக்காதேங்கோ. சட்டைவஸ் மூண்டு தொகுதி நிறமூர்த்தம் (குரோமோசோம்), மொத்தம் 24, உள்ள மலடு. விதையே கட்டாது. கிரேக்க நாட்டுக் காட்டுக் குரோக்கஸ் ஒண்டில இருந்து வந்தது. அண்டையில இருந்து இண்டைக்கு வரைக்கும் ஆராவது ஒருத்தர் கிழங்கைத் தோண்டிப் பிரிச்சு நட்டபடியால்தான் இந்தச் செடி உலகத்தில இருக்கு.

ஸ்பீசியோசஸ் பாக்க ஆசை எண்டால் வருகிற வருசம் செப்டம்பர் கடைசியில என்ஃபீல்ட் பக்கம் வாருங்கோ. மிடில்டன் ஹவுஸ் தோட்டம், குரோக்கஸ் ராசா எண்டு பேரெடுத்த தோட்டக்கலைஞர் பௌல்ஸ் இருந்த இடம். 1954-இல காலமானவர். அங்க ஒருக்கா நடந்து பாத்தியள் எண்டால் எந்த இனம் வாங்கிறது எண்டு எங்களைக் கேக்க மாட்டியள்.

செங்கமுகு – அக்டோபர் 29, பிற்பகல் 4:40

கம்பிவலை வேலை செய்யுது ஐயா. அணில் வந்து மேல நிண்டு பாத்திட்டுப் போகுது. இப்ப முயல் இலையைக் கடிக்குது. வலையைக் கூடு மாதிரி நிமித்தி வைக்கலாமா?

வேலியோரம் – அக்டோபர் 29, மாலை 5:05

ஓம், ஏப்ரல் வரைக்கும் நிமித்தி வையுங்கோ. இலை போனால் அடுத்த வருசப் பூவும் போகும்.

தூறல் – அக்டோபர் 29, இரவு 8:50

கோடைமழை, ஆப்பிள் மரத்தடியில் ஸ்பீசியோசஸ் போட்டாச்சு. களிமண் பக்கம் ஈரமா ஒரு மூலை இருக்கு, அங்கே உங்க நூடிஃபுளோரஸ் வருமா? கடையில் எங்கேயும் கிடைக்கலை.

கோடைமழை – அக்டோபர் 29, இரவு 9:15

வரும். என் தோட்டத்தில் அது ஓடுதண்டு விட்டுப் பாதை வரைக்கும் வந்துடுச்சு. இலை காஞ்சு ஜூலையில் எடுத்து, ஈரப்பாசியில் சுத்தித் தபாலில் அனுப்பறேன். தனிச்செய்தியில் ஜூனில் ஒரு வார்த்தை ஞாபகப்படுத்துங்க. வந்த அன்னைக்கே நட்டுடணும், சட்டைவஸ் மாதிரி காய விடாதீங்க.